வாசகர் கேள்வி பதில்: அடிப்படைவாதியும் இவாஞ்சலிக்கலும் ஒன்றா?

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் 'கிறிஸ்தவ அடிப்படைவாதிகள்' என்கிறார்கள், அடுத்த வரியிலேயே 'இவாஞ்சலிக்கல்' என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆட்களா, வேறு வேறா?

பதில்: நம்பிக்கைகளை மட்டும் எழுதி வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வேதாகமம் தேவனுடைய வார்த்தை, இயேசு கன்னியிடம் பிறந்தார், நம் பாவத்துக்காகச் சிலுவையில் மரித்தார், உடலோடு உயிர்த்தெழுந்தார், மறுபடி வருவார், மனந்திரும்பி அவரை ஏற்றுக்கொண்டால்தான் இரட்சிப்பு. இதில் எந்த வரியை நீட்டினாலும் இருவருமே கையெழுத்துப் போடுவார்கள். சண்டை அதற்கு அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது: கையெழுத்துப் போடாத கிறிஸ்தவரோடு என்ன உறவு வைத்துக்கொள்வது? அவரோடு சேர்ந்து ஜெபிக்கலாமா, ஒரே மேடையில் உட்காரலாமா, ஒரே சபைப் பிரிவுக்குள் இருக்கலாமா? 'கூடாது, பிரிந்து வா' என்பவர் அடிப்படைவாதி. 'உட்கார்ந்தால் என்ன, நற்செய்தியைத் தடுக்காமல் சொல்ல விட்டால் சரி' என்பவர் இவாஞ்சலிக்கல்.

இது ஏதோ நுணுக்கமான விஷயம் போலத் தெரியும். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1957-ல் பில்லி கிரஹாம் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் நியூயார்க்கில் மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் 16 வாரம் தொடர்ந்து நற்செய்திக் கூட்டம் நடத்தினார். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதற்கு அழைப்பும் ஆதரவும் கொடுத்தது நகரத்தின் புராட்டஸ்டண்ட் சபைகளின் கூட்டமைப்பு. அதில் கன்னிப்பிறப்பை நம்பாத, அற்புதங்களை உருவகம் என்று சொல்லும் தாராளவாதப் போதகர்களும் இருந்தார்கள். கூட்டத்தில் முன்வந்து தீர்மானம் எடுத்தவர்களின் விவர அட்டைகள் அந்தச் சபைகளுக்கும் போயின. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கிரஹாம் ஒரு காலத்தில் கொஞ்ச நாள் படித்த கல்லூரியின் நிறுவனர் பாப் ஜோன்ஸ், அதுவரை கிரஹாமை ஆதரித்து எழுதிவந்த பத்திரிகை ஆசிரியர் ஜான் ஆர். ரைஸ் எல்லாரும் அவரைக் கைகழுவினார்கள். கிரஹாம் பிரசங்கித்த உபதேசத்தில் தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. மனந்திரும்பிய ஆளை நம்பிக்கையில்லாத போதகரிடம் கொண்டுபோய் விடுகிறாயே, ஆட்டுக்குட்டியை ஓநாயிடமே கொடுக்கிறாயே என்பதுதான் குற்றச்சாட்டு.

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உபதேசம்தான் உயிர் என்று நம்புகிறவன் அதை மறுக்கிறவனோடு கைகோத்தால், அப்புறம் அந்த உபதேசத்துக்கு என்ன மதிப்பு? கிரஹாம் பக்கத்து பதில் பவுல் சொன்னதுதான்: 'எப்படியாகிலும் சிலரை இரட்சிக்கும்படிக்கு நான் எல்லாருக்கும் எல்லாமானேன்.' எதிர்த்தரப்பு அதே பவுலின் இன்னொரு நிருபத்தை எடுத்தது: அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோங்கள். ஒரே அப்போஸ்தலனின் இரண்டு வசனம். யார் எதை முதலில் திறக்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கேள்வி: யார் மூத்தவர்? அடிப்படைவாதிகள்தான் பழைய ஆட்கள், இவாஞ்சலிக்கல்கள் நவீனமானவர்கள் என்று நினைத்திருந்தேன்.

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அடிப்படைவாதம்தான் இளையது.

இவாஞ்சலிக்கல் என்ற பெயர் லூத்தர் காலத்திலேயே புராட்டஸ்டண்டுகளுக்கு உண்டு. இன்று நாம் சொல்லும் பொருளில் அந்த இயக்கம் 1730-களில், 1740-களில் எழுந்த எழுப்புதலில், அதாவது ஆன்மிக மறுமலர்ச்சி அலையில், பிறந்தது. ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது தன் உள்ளம் விசித்திரமாக அனலானது என்று எழுதி வைத்தார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் கோயிலுக்கு வெளியே, திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தார். அமெரிக்காவில் ஜொனாதன் எட்வர்ட்ஸ். பிறப்பாலும் ஞானஸ்நானத்தாலும் மட்டும் ஒருவன் கிறிஸ்தவன் ஆகிவிட மாட்டான், அவனவன் தனியாக மனம் திரும்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்ட விஷயம். அந்த வழியில் வந்தவர்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தை ஒழிக்கப் பல வருடம் போராடி 1807-ல் சட்டம் கொண்டுவந்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அதனால் இவாஞ்சலிக்கல் என்றால் சமூக அக்கறை இல்லாதவர், சொர்க்கத்துக்கு டிக்கெட் கொடுப்பவர் என்று யாராவது சொன்னால் வரலாறு தெரியாமல் பேசுகிறார்கள்.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் இவர்களுக்கு நான்கு அடையாளம் சொன்னார்: மனமாற்றம், வேதாகமம், சிலுவை, செயல். ஆய்வாளர்கள் பெரும்பாலும் இன்னும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் 'பிரிந்து வா' என்பது எங்குமே இல்லை பாருங்கள். அது பின்னால் அமெரிக்காவில், ஒரு குறிப்பிட்ட சண்டையில் வந்து சேர்ந்தது.

கேள்வி: அந்த 'அடிப்படைகள்' என்னென்ன? யார் முடிவு செய்தது?

பதில்: 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலிருந்து வேதாகம விமர்சனம் பரவியது. மோசேயின் ஐந்து ஆகமங்களை மோசே எழுதவில்லை, ஏசாயா ஒருவர் அல்ல, சுவிசேஷங்களில் பிற்காலச் சேர்ப்புகள் இருக்கின்றன என்றெல்லாம். இன்னொரு பக்கம் டார்வின். அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் இவை நுழைந்தபோது பல போதகர்கள், 'சரி, நம்பிக்கையைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்வோம்' என்றார்கள். இதை எதிர்த்தவர்கள், எதைவிட்டால் கிறிஸ்தவமே போய்விடும் என்று ஒரு கோடு போட்டார்கள். 1910-ல் வட அமெரிக்காவின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுப்பேரவை ஐந்தைச் சொன்னது: வேதாகமத்தின் பிழையின்மை, கன்னிப்பிறப்பு, கிறிஸ்து நமக்குப் பதிலாக மரித்தது, சரீர உயிர்த்தெழுதல், அற்புதங்கள் உண்மையாக நடந்தவை. இரண்டாம் வருகையை அந்த ஐந்தில் ஒன்றாகச் சிலர் பிறகு மாற்றிச் சொன்னார்கள். பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

அதே வருடம் இன்னொன்றும் தொடங்கியது. கலிபோர்னியாவில் எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த லைமன் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடைய சகோதரர் மில்டனும் பணம் போட்டு, 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பை 1910 முதல் 1915 வரை 12 பகுதிகளாக அச்சடித்து, போதகர்கள், மிஷனரிகள், இறையியல் ஆசிரியர்கள் என்று ஆங்கிலம் பேசும் உலகமெங்கும் சுமார் 30 லட்சம் பிரதிகளை இலவசமாக அனுப்பி வைத்தார்கள். இன்று எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும், பெரும்பாலும் நிதானமான கட்டுரைகள். எழுதியவர்களில் ஜேம்ஸ் ஓர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பரிணாமத்தை முழுதாக மறுத்தவர் அல்ல, தேவன் அந்த வழியில் படைத்திருக்கலாம் என்பதற்கு இடம் கொடுத்தவர். அவரை இன்றைய பல அடிப்படைவாதச் சபைகளில் மேடையேற விடமாட்டார்கள்.

'ஃபண்டமென்டலிஸ்ட்' என்ற பட்டம் 1920-ல் வந்தது. கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகையாசிரியர், அடிப்படைகளுக்காகப் போர் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் பெருமையாகத்தான் வைத்தார், வசையாக அல்ல. போர் என்ற குணம் அப்போதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் மார்ஸ்டன் இதைக் கிண்டலாகச் சொல்வார்: ஏதோ ஒன்றின்மேல் கோபமாக இருக்கும் இவாஞ்சலிக்கல்தான் அடிப்படைவாதி என்று. கிண்டல் என்றாலும் பொய்யில்லை.

அந்தச் சண்டையில் அவர்கள் தோற்றார்கள் என்பது முக்கியம். 1922-ல் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் என்ற நியூயார்க் போதகர், அடிப்படைவாதிகள் ஜெயிக்கலாமா என்று கேட்டு ஒரு பிரசங்கம் செய்தார், அது நாடெங்கும் பரவியது. 1924-ல் 1,200-க்கும் மேற்பட்ட பிரெஸ்பிட்டேரியன் போதகர்கள், அந்த ஐந்தையும் கட்டாயப் பரீட்சையாக வைக்கக் கூடாது என்று கையெழுத்திட்டார்கள். பிரின்ஸ்டனில் புதிய ஏற்பாடு கற்பித்துவந்த கிரெஷம் மேச்சன் 1929-ல் வெளியேறி ஃபிலடெல்ஃபியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியைத் தொடங்கினார். 1936-ல் சபையிலிருந்தே வெளியே வந்து தனிச்சபை அமைத்தார். உள்ளே இருந்து சபையை மீட்க முடியாமல் போனபிறகுதான் வெளியேறுவது ஒரு கொள்கையாகவே ஆனது. தோற்றவர்கள் தனியாகக் கல்லூரி, தனியாகப் பத்திரிகை, தனியாக வானொலி என்று ஒரு தனி உலகத்தையே கட்டினார்கள். நாடு அவர்களை மறந்துவிட்டது, அவர்கள் சும்மா இருக்கவில்லை.

கேள்வி: 'குரங்கு வழக்கு' பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அங்கேதானே அடிப்படைவாதிகளின் மானம் போனது?

பதில்: போனது உண்மைதான், ஆனால் நாம் கேள்விப்படும் கதையில் பாதி பிற்காலத்தில் சேர்ந்தது. 1925 ஜூலையில் டென்னசியில் டேடன் என்ற சிற்றூரில், மனிதன் கீழான உயிரிலிருந்து வந்தான் என்று பள்ளியில் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மேல் வழக்கு. சட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சிவில் உரிமை அமைப்பு ஆள் தேடியது, ஊர்க்காரர்களோ ஊருக்குப் பேர் வரும் என்று வழக்கைத் தாங்களே வரவழைத்துக்கொண்டார்கள். 100 டாலர் அபராதம். 1927-ல் மேல்நீதிமன்றம் ஒரு நடைமுறைக் காரணத்தைச் சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். விவசாயிகள், தொழிலாளர்கள் பக்கம் பேசியவர். வலியவன் மெலியவனை மிதிப்பதற்கு டார்வின் பேரைச் சொல்கிறார்கள் என்ற பயம் அவருடைய எதிர்ப்பில் பெரிய பங்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தபோது, ஆதியாகமத்தின் ஆறு நாள் 24 மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை, நீண்ட காலங்களாக இருக்கலாம் என்று பிரையன் சொன்னார். அந்தக் காலத்து அடிப்படைவாதிகள் பலருக்கு அது சாதாரணக் கருத்து. பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான், பாறை அடுக்குகள் எல்லாம் நோவாவின் வெள்ளத்தில் வந்தவை என்பதை அப்போது உரக்கச் சொன்னவர் ஜார்ஜ் மெக்கிரெடி பிரைஸ் என்ற ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட், அதாவது அடிப்படைவாதிகள் சந்தேகத்தோடு பார்த்த ஒரு பிரிவைச் சேர்ந்தவர். 1961-ல் ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் அதே கருத்தை வைத்து நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் அது பரவலாக வேரூன்றியது. இன்று அதுதான் ஆதிமுதல் நம்பிக்கை என்பது போலப் பேசுகிறார்கள்!

இவாஞ்சலிக்கல்கள் இதில் சிதறிக் கிடக்கிறார்கள். இளம் பூமி என்பவர்களும் உண்டு, பழைய பூமி என்பவர்களும் உண்டு, பரிணாமத்தை அப்படியே ஏற்பவர்களும் உண்டு. மனித மரபணு வரைபடத் திட்டத்தை நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் கடைசி வகை.

கேள்வி: அடிப்படைவாதிகள் பிரிந்துபோனார்கள் என்றால், பில்லி கிரஹாம் கோஷ்டி எங்கிருந்து முளைத்தது?

பதில்: அந்த வீட்டுக்குள்ளிருந்தேதான். அதனால்தான் இது பங்காளிச் சண்டை மாதிரி இவ்வளவு கசப்பு.

1940-களில் ஒரு இளைய தலைமுறை, நாம் இப்படி ஒதுங்கி நின்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் நாட்டில் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது என்று சலித்துப் போனது. 1941-ல் கார்ல் மெக்கின்டையர் என்பவர் கறாரான பிரிவினை நிபந்தனையோடு ஒரு சபைக் கூட்டமைப்பு தொடங்கினார். தாராளவாதிகள் இருக்கும் பெரிய கூட்டமைப்போடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது விதி. அடுத்த வருடமே, 1942-ல், ஹெரால்ட் ஆக்கெங்கா முதலியவர்கள் செயின்ட் லூயிஸில் கூடி அந்த விதி இல்லாமல் இன்னொன்று தொடங்கினார்கள். அதுதான் தேசிய இவாஞ்சலிக்கல் சங்கம். ஒரே விசுவாசம், ஒரே எதிரி, ஒரு வருட இடைவெளியில் இரண்டு சங்கம்!

1947-ல் வானொலிப் பிரசங்கியார் சார்லஸ் ஃபுல்லர் முன்னின்று பாசடீனாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியைத் தொடங்கினார். உலகத் தரத்தில் படித்த, ஆனால் விசுவாசத்தை விடாத அறிஞர்களை உருவாக்குவது நோக்கம். அதே வருடம் கார்ல் ஹென்றி என்ற இறையியலாளர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இன அநீதி, போர், தொழிலாளர் பிரச்சினை எதைப் பற்றியும் வாயே திறக்காமல் குடிக்காதே, ஆடாதே என்று மட்டும் பிரசங்கித்தால் அது எப்படி முழு நற்செய்தி ஆகும் என்று சொந்த வீட்டாரையே கேட்டார். 1956-ல் 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை, ஹென்றிதான் ஆசிரியர். அப்போது இவர்களுக்குப் 'புதிய இவாஞ்சலிக்கல்கள்' என்று பெயர். அடிப்படைவாதிகள் இன்றும் அதை ஒரு வசைச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு 1957. அதோடு வீடு இரண்டாகிவிட்டது. அடிப்படைவாதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தாராளவாதியிடமிருந்து பிரிந்தால் மட்டும் போதாது, அவனிடமிருந்து பிரியாத விசுவாசியிடமிருந்தும் பிரிய வேண்டும் என்றார்கள். இரண்டாம் நிலைப் பிரிவினை என்று இதற்குப் பெயர். இந்தத் தர்க்கத்துக்கு இயல்பான நிறுத்தம் எதுவும் இல்லை என்பதுதான் என் கருத்து. மூன்றாம் நிலையும் வரும், வந்தது. 1966-ல் தென் கரோலினாவில் கிரீன்வில் நகரத்தில் கிரஹாம் கூட்டம் நடத்தியபோது, அதே ஊரில் இருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைப் போகக் கூடாது என்று தடுத்தது.

இனப் பிரச்சினையிலும் பாதை பிரிந்தது. கிரஹாம் 1953-ல் சட்டனூகா கூட்டத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கக் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்தார், 1957-ல் மார்ட்டின் லூதர் கிங்கை மேடைக்கு அழைத்து ஜெபிக்க வைத்தார். கிரஹாம் எல்லா இடத்திலும் துணிச்சலாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவாவது செய்தார். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகமோ வேறு இனத்தாரோடு காதல், கல்யாணம் கூடாது என்ற விதியை விடமாட்டேன் என்று சொல்லி, 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் வரிவிலக்கை இழந்தது, ஆனாலும் விதியை 2000 வரை வைத்திருந்தது. 2008-ல் மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: வேதாகமத்தில் பிழையே இல்லை என்பதில் இருவரும் ஒன்றுதானே?

பதில்: அடிப்படைவாதிகள் ஒன்று. இவாஞ்சலிக்கல்கள் அதற்குள்ளேயே இரண்டு மூன்று. வேதாகமம் எதைச் சொன்னாலும், வரலாறோ அறிவியலோ, அதில் பிழையில்லை என்பது ஒரு கட்சி. விசுவாசத்துக்கும் வாழ்க்கைக்கும் தேவையானதில் அது நம்மைத் தவறாக நடத்தாது, அதற்குமேல் ஒவ்வொரு எண்ணிக்கையையும் வம்சவரலாற்றையும் தாங்கிப்பிடிக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு கட்சி. ஃபுல்லர் கல்லூரியே 1970-களின் தொடக்கத்தில் தன் விசுவாச அறிக்கையை இந்த இரண்டாவது கட்சியின் பக்கம் நகர்த்தியது. அந்தக் கல்லூரியின் தொடக்கக்கால ஆசிரியர்களில் ஒருவரான ஹெரால்ட் லிண்ட்செல் கொதித்துப்போய் 1976-ல் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார். 1978-ல் சிகாகோவில் 200-க்கும் மேற்பட்டோர் கூடிப் பிழையின்மை அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் படித்தால் தெரியும், பிழையின்மை என்பது மூலப் பிரதிக்குத்தான், கையிலிருக்கும் நகலுக்கோ மொழிபெயர்ப்புக்கோ அல்ல என்று எச்சரிக்கையாக எழுதியிருக்கிறார்கள். மூலப் பிரதி எதுவும் இன்று யாரிடமும் கிடையாது. இது விமர்சகர்களுக்கு நல்ல தீனி.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 1952-ல் வந்த ஆர்.எஸ்.வி. ஆங்கில வேதாகமம், கன்னிப்பிறப்பின் முன்னறிவிப்பாகக் கருதப்படும் ஏசாயா 7:14-ல் 'கன்னிகை' என்பதற்குப் பதிலாக 'இளம்பெண்' என்று போட்டது. வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கூட்டம் கூட்டிக் கொளுத்தினார். இவாஞ்சலிக்கல்களுக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் அவர்கள் அறிஞர்களைச் சேர்த்துத் தாங்களே ஒரு புதிய மொழிபெயர்ப்பு செய்தார்கள். 1978-ல் முழுமையாக வந்த என்.ஐ.வி. அப்படிப் பிறந்ததுதான். அடிப்படைவாதிகளில் ஒரு பகுதியினர் 1611-ம் வருட கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பைத் தவிர வேறு எதையும் தொட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். எல்லாரும் அல்ல, கவனிக்கவும்.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபைகள் எந்தப் பக்கம்?

பதில்: உபதேசத்தில் கறார், வேதத்தை அப்படியே நம்புகிறவர்கள், அதனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவர்களை அடிப்படைவாதிகள் என்றே எழுதுகிறார்கள். ஆனால் அடிப்படைவாதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அந்நியபாஷை, சுகமளித்தல் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்பது அடிப்படைவாதிகளின் உபதேசம். 1906-ல் லாஸ் ஏஞ்சலஸில் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் தலைமையில் அந்த எழுப்புதல் கிளம்பியபோதே முகம் சுளித்தார்கள், 1928-ல் அடிப்படைவாதிகளின் உலக அமைப்பு அவர்களுக்கு எதிராகத் தீர்மானமே போட்டது. இவாஞ்சலிக்கல் சங்கம் 1943-லேயே அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பின்னால் உலகமெங்கும் அவர்கள் வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும்.

கேள்வி: அடிப்படைவாதிகள் சினிமா பார்க்க மாட்டார்களாமே?

பதில்: பழைய ஆட்கள் பார்க்க மாட்டார்கள். நடனம், சீட்டு, மது, புகையிலை, பெண்கள் கால்சட்டை அணிவது என்று நீளமான பட்டியல் உண்டு. பழைய இவாஞ்சலிக்கல்களிடமும் இதில் பாதி இருந்தது, அதனால் இதை வைத்துப் பிரிக்க முடியாது.

கேள்வி: இங்கிலாந்தில் இந்தச் சண்டை இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் வேறு விதம். அங்கே இவாஞ்சலிக்கல்கள் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபையை விட்டு வெளியேறவே இல்லை. 1966 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய இவாஞ்சலிக்கல் மாநாடு. மருத்துவராக இருந்து போதகரான மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், கலப்படமான சபைப் பிரிவுகளில் இருந்துகொண்டு தனித்தனியாகக் கிடக்காமல் ஒன்றுசேருங்கள் என்றார். கேட்டவர்கள் பலர் அதை வெளியேறும் அழைப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். தலைமை வகித்த ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், நன்றி சொல்லி முடிக்க வேண்டியவர், எழுந்து அந்த மேடையிலேயே மறுத்துப் பேசிவிட்டார். வரலாறும் வேதமும் தன் பக்கம் என்றார். அமெரிக்காவில் கிரஹாமும் பாப் ஜோன்ஸும் பிரிந்த அதே கேள்விதான், ஆனால் லாயிட்-ஜோன்ஸை அடிப்படைவாதி என்று சொல்வது பொருந்தாது, அவர் படிப்பும் குணமும் வேறு.

ஸ்டாட் பின்னால் இன்னும் தூரம் போனார். 1974-ல் சுவிட்சர்லாந்தில் லோசானில் கிரஹாம் கூட்டிய மாநாட்டுக்கு 150 நாடுகளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே லத்தீன் அமெரிக்காவின் ரெனே பதில்யா, சாமுவேல் எஸ்கோபார் போன்றவர்கள், அமெரிக்க வாழ்க்கைமுறையை நற்செய்தியோடு சேர்த்துக் கட்டி எங்களிடம் விற்காதீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஸ்டாட் தலைமையில் எழுதிய உடன்படிக்கையில் நற்செய்தி அறிவிப்பும் சமூகப் பொறுப்பும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று வந்தது அதனால்தான். 1988-ல் அவர், கெட்டுப்போனவர்கள் நித்தியத்துக்கும் வதைபடுவதற்குப் பதிலாக முடிவில் இல்லாமல் போவார்கள் என்ற கருத்தின் பக்கம் தான் சாய்வதாகச் சொன்னார். நரகத்தைத் தொட்டதும் இவாஞ்சலிக்கல்கள் பலருக்கே அதிர்ச்சி. ஆனாலும் வேதத்தை வைத்து வாதாடிய அவரைத் தங்கள் ஆளாகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: என்ன சொன்னாலும் எல்லாரும் குடியரசுக் கட்சிக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள்? அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: அமெரிக்க வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பெரும்பாலோர், ஆமாம். அதை மறைக்க முடியாது. இரண்டு பெயரும் குழம்பியதற்கே காரணம் இந்த அரசியல்தான். ஆனால் அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1976-ல் தன்னை, மனந்திரும்பி ஆவியில் 'மறுபிறப்படைந்த' கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் ஜனநாயகக் கட்சிக்காரர், அந்த வருடத்தை இவாஞ்சலிக்கல்களின் வருடம் என்று 'நியூஸ்வீக்' பத்திரிகை அழைத்தது. 1973-ல் சிகாகோவில் ஒரு இவாஞ்சலிக்கல் குழு இனவெறி, வறுமை, ராணுவ வெறி மூன்றையும் கண்டித்து அறிக்கை விட்டது. இறையியலில் இவாஞ்சலிக்கல்களோடு ஒத்துப்போகும் கறுப்பினச் சபைகள் பெரும்பாலும் வேறு பக்கம்தான் ஓட்டுப் போடுகின்றன.

சுவாரசியம் என்னவென்றால் பிரிந்து நிற்பவர்கள்தான் அரசியலில் முதலில் கலந்தார்கள். ஜெர்ரி ஃபால்வெல் தன்னை அடிப்படைவாதி என்று சொல்லிக்கொண்டவர். 1965-ல், போதகர்களுக்கு அரசியல்வாதி வேலை எதற்கு, ஆத்துமாக்களை ஆதாயப்படுத்துவதுதான் அழைப்பு என்று பிரசங்கித்தார். அவர் குறிவைத்தது மார்ட்டின் லூதர் கிங் மாதிரி ஊர்வலம் போன போதகர்களை. அதே ஃபால்வெல் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' தொடங்கி, கத்தோலிக்கர், யூதர், வேதாகமத்தோடு தனி வேதநூலும் வைத்திருக்கும் மார்மன் பிரிவினர் எல்லாரையும் ஓட்டுக்காகச் சேர்த்துக்கொண்டார். பாப் ஜோன்ஸ் தரப்புக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா? தாராளவாதப் போதகரோடு மேடையேறிய கிரஹாம் துரோகி என்றால், மார்மனோடு மேடையேறியவர் யார்? அன்றிலிருந்து அடிப்படைவாதிகளுக்குள்ளேயே அரசியலுக்காகக் கலக்கலாம், ஜெபத்துக்காகக் கலக்கக் கூடாது என்று ஒரு புதுக் கோடு போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் கோடு எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்.

கேள்வி: ஒரு சபைக்குப் போனால் அது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயர்ப்பலகையில் எழுதியிருக்காதே.

பதில்: சில சுயாதீன பாப்டிஸ்ட் சபைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள், 'ஃபண்டமென்டல்' என்று. மற்ற இடத்தில் விசுவாச அறிக்கையை வாங்கிப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பேச்சுக் கொடுங்கள். பக்கத்துச் சபையோடு சேர்ந்து கூட்டம் நடத்துவீர்களா என்று கேளுங்கள். கத்தோலிக்கரில் இரட்சிக்கப்பட்டவர் இருக்க முடியுமா என்று கேளுங்கள். 1994-ல் இவாஞ்சலிக்கல், கத்தோலிக்கத் தலைவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை விட்டபோது இவாஞ்சலிக்கல்களுக்குள்ளேயே பெரிய தகராறு ஆனது, அதனால் இங்கே தயங்கினால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடைசியாக, பில்லி கிரஹாமைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். 'நல்ல மனுஷர், ஆனால்...' என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினால் விடை கிடைத்துவிட்டது.